காணாது வழங்கும் பரிசில்

பரிசில் வழங்குதலும் பரிசில் பெறுதலும் தமிழர்க்குப் புதியன அல்ல. பரிசில் பெற்று மீள்வோன் பெறாதோனை வள்ளலிடத்து வழிப்படுத்தும் வழக்கம் ஆற்றுப்படை என ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. ஆயின் பழந்தமிழ் நூல்கள் கூறும் பரிசிற் செய்திகளுள் ஆழ்ந்து நோக்கத்தக்கது, பரிசிலை ஒருவர் மறுத்த செய்தியேயாம். அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார் பெருஞ்சித்திரனார். அவ்வள்ளல் தான் நேரிற் காணாது பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைக் கொண்டிலர். தம்மைக் காணாமலே தந்த பொருளை ஏற்றுச் செல்லத் தாம் பரிசிலை வாணிகமாக உடையவர் அல்லர் என்றும், தம் தகுதியின் அளவறிந்து நல்கின் அது தினையளவினதாயினும் தமக்கு இனிதே என்றும் உரைத்தார். புறநானூற்றில் 208ஆம் பாட்டாக அஃது இன்றும் நிற்கின்றது. தம் இல்லத்து வறுமையைக் குமணன் முன் உள்ளம் உருகப் பாடியவரும் இப்புலவரே. செல்வச் செருக்கினால் மறுத்தவர் அல்லர்.

இப்பழஞ்செய்தியை இன்று நினைத்தற்குக் காரணம் உண்டு. கைத்தொலைபேசி ஒன்றே கருவியாகக் காணொளி எடுத்து யூரியூப் முதலிய தளங்களில் இடும் இளைஞர் இன்று ஊர்தோறும் உளர். மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் அவர்கட்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பள்ளிமுனைப் பெருக்கமரம், நகரத் தெருக்களில் திரியும் கழுதைகள், தலைமன்னாரின் பழைய இறங்குதுறை, வங்காலை நீர்நிலைக்கு வந்திறங்கும் பூநாரைகள், பேசாலைக் கரையில் வலை உலர்த்துவோர், திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரியில் பாலாவிக் கரையை நிறைக்கும் மக்கள் என அவர்தம் காட்சிகள் விரியும். இவர்களுட் பெரும்பாலோர்க்கு இதனால் ஊதியம் இல்லை. பகலிற் பள்ளியோ கடலோ கடையோ அவர்தம் தொழிலாக அமைய, இரவில் இருந்து படத்தை வெட்டி ஒட்டுகின்றனர். இத்தகையோரை அமெச்சூர்க் கலைஞர் என்பர். பிரெஞ்சு மொழி வழி வந்த அச்சொல்லுக்கு விரும்புவோன் என்பதே பொருள். இவர்களைச் சிறப்பிக்கும் வழி மேடையமைத்து, ஒளிவிளக்கிட்டு, பிரிவு பிரித்து, ஆண்டின் சிறந்தோர் இவரென அறிவித்து விருது வழங்கும் விழா எடுத்தலே எனக் கருதுவோர் பலர். அவ்விழா இவர்கட்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

விருது என்பது எக்கலைக்கும் பொருந்தாதது என எவரும் கூறார். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னீராண்டு நிரம்பிய பருவத்தே சோழன் அவையில் அரங்கேறினாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். அரங்கேற்று காதையைக் கற்றோர் அறிவர், அவளது ஆடலைக் கூறுமுன் ஆடலாசான் முதல் யாழாசான் ஈறாக ஒவ்வொருவர் தகுதியையும், அரங்கின் நீள அகல உயரங்களையும் அடிகள் எத்துணை விரிவாக அளந்து காட்டுகின்றார் என்பதை. அவ்விருதின் பின்னே ஒரு தொழில் இருந்தது. தொழிலுக்கு இலக்கணம் இருந்தது. இலக்கணம் அறிந்தோர் அவையில் அமர்ந்து ஆடலை முற்றக் கண்டனர். மேலைநாட்டுத் திரைப்பட விருதும் இத்தன்மையதே. ஹொலிவூட் நகரின் படத்தொழில் முதல்வர்கள் 1927இல் ஒரு கழகம் அமைத்து, 1929ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் ஓர் இரவு விருந்தில் தம்முள் சிறந்தோர்க்குப் பதுமை வழங்கினர். வழங்கிய நேரம் ஏறத்தாழக் கால் மணி என்பர். பெறுவோர் பெயர்கள் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தமையின் பதைப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. தொழிலாளர் தம் தொழிலாளரைப் போற்றிய விருந்து அது. பின்னர் வானொலியும் தொலைக்காட்சியும் புகுந்து அதனைப் பெருங்காட்சி ஆக்கின. இன்று விருது விழா என்றவுடன் மக்கள் மனத்தில் எழுவது அக்காட்சியேயன்றி அவ்விருந்து அன்று.

அக்காட்சியை இணையத்துக் காணொளியாளர்க்கு எடுத்தணிந்து பார்த்த முயற்சிகள் சில நடந்துள்ளன. யூரியூப் 2005இல் தோன்றியது. 2006ஆம் ஆண்டுக் காணொளிகளுக்கென அந்நிறுவனமே ஏழு பிரிவுகளில் வாக்கெடுத்து 2007இல் விருது அறிவித்தது. ‘மிகுந்த படைப்பாற்றல்’ என்னும் பிரிவின் விருது ஓடு பொறிகளின் மேல் ஆடிப் பாடிய ‘ஓகே கோ’ என்னும் இசைக்குழுவைச் சேர்ந்தது. படம் எளியது, இனியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அக்குழு இசைத்தட்டு நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து தொழில் நடத்திய குழு. எளிய மக்கள் தம் வீட்டில் எடுத்த படங்களின் திருவிழாவென எண்ணப்பட்ட இடத்தில், முதல் ஆண்டே தொழிற்கலைஞர் ஒரு பரிசைக் கொண்டு சென்றனர். இதில் எவர் பிழையும் இல்லை. வாக்கு, பலர் கண்டதையே நாடிச் செல்லும். பலர் காணுமாறு செய்யும் வலிமை தொழில் நடத்துவோர்க்கே மிகுதி.

மற்றொரு முயற்சி ஸ்ட்ரீமி விருது. அது 2009இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏப்பிரல் மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த இரண்டாம் விழா, கருவிப் பிழைகளாலும் தரக்குறைவான நகைச்சுவையாலும் சீர்குலைந்தது. மிகவும் மனம் நொந்தோர் காணொளி எடுப்போரே என்பது கருதத்தக்கது. தம் கலையைச் சிறப்பிக்க எடுத்த மேடையில் தம் கலையே நகைப்புக்கு இடமாயிற்று என அவர்கள் வருந்தினர். விருதுக்குத் துணைநின்ற இணையத் தொலைக்காட்சிக் கழகம் பிரிந்து சென்று 2012இல் தனக்கென வேறு விருது கண்டது. ஸ்ட்ரீமி விழா 2013இல் மீண்டபோது, தொலைக்காட்சிப் பெருவிழாக்களை நடத்திப் பழகிய நிறுவனம் ஒன்றின் கையில் மீண்டது. விழா செம்மையாயிற்று, தொலைக்காட்சி விழா போலவே ஆயிற்று. பெரிய கலையின் உடையை இரவல் வாங்கி அணிந்தால் ஒன்று உடை நழுவும், அன்றி அணிந்தவன் மறைவான். இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

இந்தியாவில் 2024ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் தேசியப் படைப்பாளர் விருது என்னும் பெயரால் அரசே விழா எடுத்தது. இருபது பிரிவுகளுக்கு ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட முன்மொழிவுகள் வந்தன. ஏறத்தாழப் பத்து இலட்சம் வாக்குகள் பதிவாயின. 23 பேர் விருது பெற்றனர். வரலாற்றுக் கதை கூறும் தமிழ்ப் பெண்மணி கீர்த்திகா கோவிந்தசாமி சிறந்த கதைசொல்லி எனத் தேர்வுற்றமை தமிழர் மகிழத்தக்கதே. ஆயினும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். முன்மொழிவு ஒன்றுக்கு ஐந்து நிமிடம் எனக் கொள்ளின், ஒன்றரை இலட்சத்தையும் கண்டு முடிக்க 12,500 மணி நேரம் ஆகும். இரவு பகல் உறங்காது ஒருவர் இருந்தாலும் ஐந்நூற்றிருபது நாள் செல்லும். ஒருவர் பெயரே பன்முறை முன்மொழியப்பட்டிருத்தல் கூடும். காண்போர் பலராகவும் இருத்தல் கூடும். அவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், பெரும்பாலான முன்மொழிவுகள் முற்றக் காணப்பட்டன எனக் கருதுதல் அரிது. அவை எண்ணப்பட்டன எனலாம்.

எண்ணுதலும் காண்டலும் வேறு வேறு என்பதற்கு யூரியூப் வழங்கும் பட்டயங்களே சிறந்த சான்று. ஓர் இலட்சம் பேர் பதிந்து தொடர்ந்தால் வெள்ளிப் பட்டயம். பத்து இலட்சமானால் பொற்பட்டயம். ஒரு கோடியானால் வைரப் பட்டயம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்டிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ குடும்பத்தார் 2021இல் ஒரு கோடியை எட்டினர். தமிழ் அலைவரிசைகளுள் அவ்வெல்லையை முதலில் அடைந்தது அதுவே. உழைத்து உயர்ந்தோர் அவர்கள். குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆயின் அவ்வளவுகோலை மன்னாருக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மன்னார் மாவட்டத்து மக்கள்தொகை ஓர் இலட்சத்தை எட்டவில்லை. கைக்குழந்தை முதல் மூதாட்டி வரை மாவட்டத்தில் அன்று இருந்தோர் அனைவரும் ஓர் இளைஞனின் அலைவரிசையிற் பதிந்திருந்தாலும் வெள்ளிப் பட்டயம் அவனுக்குக் கிட்டாது. ஊர் முழுவதும் ஒருவனைப் போற்றினும் அவனைக் காணாத அளவுகோல் ஒன்று உலகில் உண்டு என்பதை இதனினும் விளங்கக் கூறல் இயலாது.

மதிப்பெண் இடுதலிலும் இதே குறை புலப்பட்டது. யூரியூப் தொடக்கத்தில் ஒவ்வொரு காணொளிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை உடுக்குறி இடச் செய்தது. இடுவோரில் மிகப் பெரும்பாலோர் ஐந்தையே இட்டனர் என 2009இல் அந்நிறுவனமே கூறியது. 2010இல் அம்முறையைக் கைவிட்டது. விரும்பினோர் ஐந்திட்டனர், விரும்பாதோர் ஒன்றுமிடாது சென்றனர். இடைப்பட்ட இரண்டும் மூன்றும் நான்கும் ஏன் வேண்டும் என எவரும் கேட்டிலர். ஓர் இளைஞன் தன் படத்தின் தொடக்கம் நீண்டுவிட்டது, கடற்காற்றின் இரைச்சலில் மீனவர் பேச்சுக் கேட்கவில்லை என அறிந்து திருந்துதற்கு அந்த இடைப்பட்ட மதிப்பீடே வேண்டும். அதனை வாக்கும் தாராது, விருதும் தாராது.

இனி, ஊதியம் கருதாக் கலைஞர் தம்முள் தம்மை மதித்துக்கொண்ட முறைகள் முன்னர் இருந்தனவா எனின், இருந்தன. சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபை அத்தகையது. வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் மாலை நேரத்திற் கூடி நாடகம் பயின்றனர். அச்சபையார் இலங்கைக்கு வந்து ஆடிய நாடகங்களின் கிளர்ச்சியில் கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் ஊக்கம் பெற, 1913இல் இலங்கை சுபோத விலாச சபை தோன்றியது. சம்பந்த முதலியார் தம் நாடக மேடை நினைவுகளில் தம் சபையின் வெற்றிகளோடு மேடையில் நேர்ந்த பிழைகளையும் ஒளியாது எழுதிச் செல்கின்றார். அமெச்சூர்க் கலைஞரின் பயிற்சி இத்தகைய ஒளியாமையில் வளர்ந்தது. அமெரிக்காவில் ஹைரம் பெர்சி மாக்சிம் 1926இல் தொடங்கிய அமெச்சூர் சினிமாக் கழகமும் நினைக்கத்தக்கது. அதன் இதழ் 1930 முதல் ஆண்டுதோறும் உறுப்பினர் எடுத்த படங்களுட் பத்தினைத் தேர்ந்து அறிவித்தது. பத்தினுள் முதலாவது எது, பத்தாவது எது எனத் தொடக்கத்தில் வரிசைப்படுத்தவில்லை. ஒவ்வொரு படத்திற்கும் அதன் நயம் இன்னது என விளக்கும் குறிப்பு இதழில் வந்தது. உறுப்பினர் தம் படங்களை அனுப்பினால் கண்டு குறைநிறை எழுதியனுப்பும் பணியும் கழகத்தில் இருந்தது. மாக்சிம் மறைந்தபின், அவர் நினைவாகப் பத்தினுள் சிறந்த ஒன்றுக்குத் தனிப் பரிசு 1937இல் ஏற்பட்டது. அதுவரை பரிசு என்பது கூர்ந்து காண்பதற்கு ஒரு சாக்காகவே அங்கே இருந்தது.

தொலைநாட்டுச் சான்று வேண்டாதார்க்கு மாதோட்டத்துக் கூத்தே போதும். மன்னார்ப் பகுதியில் கத்தோலிக்க மக்களிடையே நாடகம் என்றும் வாசாப்பு என்றும் வழங்கும் கூத்துகள் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்துள்ளன. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகை ஆட்ட மரபும் இங்குண்டு. ஆடுவோர் உழவர், கடற்றொழிலாளர். மாதக்கணக்கில் இரவுதோறும் அண்ணாவியாரிடம் பயின்று, ஊரார் முன் விடியும் வரை ஆடுவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1956 முதல் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்து இக்கூத்துகளைத் தேடினார், அண்ணாவிமாரைக் கூட்டினார், போட்டிகள் நடத்தினார். எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்கள் 1964க்கும் 1967க்கும் இடையே அவரது பதிப்பாக அச்சேறின. ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்தவை அழியாது எஞ்சியமைக்கு அவருக்குத் தமிழுலகம் கடன்பட்டுள்ளது. கூத்தாடுதல் இழிவு என எண்ணியிருந்த படித்தோர் மனத்தை மாற்றியதில் அவர் கொடுத்த மதிப்பும் பாராட்டும் பெரும்பங்கு கொண்டன. விருதை முற்றும் வெறுப்போர் இவ்வுண்மையைக் கருதுதல் வேண்டும்.

ஆயினும் போட்டி கூத்தினிடத்து ஒரு விலையையும் வாங்கிக்கொண்டது. அகில இலங்கைத் தமிழ்த்தினப் போட்டிக்கு மாணவரைப் பயிற்றிய ஆசிரியர் அனைவரும் அவ்விலையை அறிவர். விடியும்வரை நிகழ்ந்த கூத்தைச் சில நிமிடங்களுக்குள் அடக்குதல் வேண்டும். எனவே வரவு குறையும். ஒரு தாளக்கட்டுக்கு ஓர் ஆட்டம் என எடுத்துக்காட்டுப் போல அமையும். உடையும் ஒப்பனையும் ஓங்கும். கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாக ஏறுந்தோறும் நடுவர் எதற்குப் புள்ளி இடுவர் என்பதே பயிற்சியின் பொருளாகிவிடும். முதலிடம் பெற்ற பள்ளியின் அமைப்பை அடுத்த ஆண்டு ஏனைய பள்ளிகள் பின்பற்றும். சில ஆண்டுகளில் எவ்வூர்க் கூத்தும் ஒரே கூத்தாகும். புள்ளித்தாள் கூத்தின் ஆசிரியன் ஆகிவிட்டது எனின் அது மிகையன்று. ஊர்க்கூத்தின் அவையோ இதற்கு மாறானது. அங்கே இருப்போர் முன்னர் ஆடியவர், ஆடியவரின் மக்கள், அடுத்து ஆட இருப்பவர். இன்னார் தாளம் பிந்தினார் என்பது மறுநாள் காலை வலை பொத்தும் இடத்திலேயே பேசப்படும். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே அடுத்த முறை அவர் திருந்துவார்.

காணொளியாளரின் நிலையும் இக்கூத்தரின் நிலையும் பெரிதும் ஒக்கும். பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழும் ஒருவர் தம் ஊர்க் கூத்தை முழுமையாகக் காண விழைந்தால், வெட்டாது ஒட்டாது மணிக்கணக்கில் ஓடும் பதிவே அவருக்கு வேண்டும். விருதுக் குழுவின்முன் அப்பதிவு தோற்கும். ஓட்டம் இல்லை, அமைப்பு இல்லை, ஒலி தெளிவில்லை என்பர். அதே கூத்தை மூன்று நிமிடமாகச் சுருக்கி, பறவைப் பார்வையில் எடுத்த கடற்காட்சியையும் பின்னணி இசையையும் சேர்த்தவன் வெல்வான். அவ்வெற்றியைக் கண்ட ஏனையோர் தாமும் அவ்வாறே செய்வர். திருக்கேதீச்சரத்தில் 2022இல் குடமுழுக்கு நடந்தபோது பலர் கையில் தொலைபேசி இருந்தது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து வரலாறு எழுதுவோன் தேடப்போவது அவற்றுள் எதனை? அழகுறச் சுருக்கியதையா, யாகசாலையில் நின்றோர் முகங்களை விடாது பதித்ததையா? விருதுப் பிரிவுகளை வகுப்போர் இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இதற்கு மாறாகக் கூறத்தக்க ஒன்றுண்டு, அது வலியது. மன்னாரில் ஒரு தாய், மகன் இரவெல்லாம் தொலைபேசியோடு கிடந்து படிப்பைக் கெடுக்கின்றான் என வருந்துகின்றாள். அவனுக்கு ஒரு கேடயம் கிடைத்து அது கூடத்து அலுமாரியில் ஏறினால், மறுநாள் முதல் அவன் செய்கை வீண்வேலை எனப்படாது. அயலார் கேட்பர், மாமன்மார் மகிழ்வர், அடுத்த படத்திற்கு ஒலிவாங்கி ஒன்று வாங்கத் தந்தை இசைவார். எளிய குடும்பங்களில் கேடயம் கலையின் அளவுகோல் ஆகாவிடினும் கலைக்கான அனுமதிச் சீட்டு ஆகின்றது. இதனை எள்ளுதல் வயிறு நிறைந்தோர்க்கே எளிது. ஆனால் இப்பயன் ஓர் ஊரில் ஓராண்டில் ஒருவனுக்கே கிட்டும். தோற்ற பன்னிருவரின் தாய்மார், அன்றே கூறினோமே என்பர். மேலும், அனுமதி பெறுதற்குக் கேடயம்தான் வேண்டும் என்பதில்லை. தன் மகன் எடுத்த படத்தைக் கல்லூரி மண்டபத்தில் ஆசிரியரும் ஊரவரும் அமைதியாக இருந்து கண்டதைத் தானும் அமர்ந்து கண்ட தாய், அன்றிரவு அவனை வேறு கண்ணாற் பார்ப்பாள்.

ஆதலின் கல்லூரிகளும் பழைய மாணவர் சங்கங்களும் விழாவுக்குச் செலவிடும் பொருளை அத்தகைய ஓர் அவைக்குச் செலவிடலாம். ஆண்டில் ஒரு மாலை, பத்துப் படங்கள், தரவரிசையின்றி. ஒவ்வொன்றும் தொடக்கம் முதல் இறுதி வரை திரையிடப்படல் வேண்டும்; நீண்ட கூத்துப் பதிவாயின் அதற்கெனத் தனி இரவு ஒதுக்கலாம். படம் முடிந்ததும் அதன் பொருளை அறிந்த ஒருவர் பேசுதல் வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் பிழைபடுவர். தொலைக்காட்சியிற் பெயர் பெற்ற ஒருவரைக் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ அழைப்பர். அவர் பொன்னாடை பெற்று, அனைத்தும் நன்று எனக் கூறி விடைபெறுவார். கரைவலை பற்றிய படத்திற்குப் பேசாலையில் வலை இழுத்த முதியவரே நடுவராதல் தகும். கயிற்றை எப்பக்கத்திலிருந்து முதலிற் பற்றுவர், படத்தில் அது தவறாக வெட்டப்பட்டுள்ளதா என அவரன்றி எவர் கூறவல்லார்? வாசாப்புப் பதிவுக்கு அண்ணாவியார் ஒருவரும், பூநாரைப் படத்திற்கு உயிரியல் ஆசிரியரும், அனைத்திற்கும் படத்தொகுப்பு அறிந்த பழைய மாணவர் ஒருவரும் அமரலாம். அவர்கள் கூறியவற்றை மாணவர் சிலர் எழுதியெடுத்துக் கல்லூரி மலரில் படமொன்றுக்கு அரைப்பக்கமாக வெளியிடலாம். படம் எடுத்தவர்க்கு அவ்வரைப்பக்கத்தோடு மலரின் இரண்டு படிகளைக் கொடுத்தனுப்பலாம். ஒன்று அவருக்கு, மற்றொன்று வீட்டிலுள்ளோர்க்கு.